ஷெட்யூல் எங்கே பழுதாகியிருக்கிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கட்டட வேலை தள்ளிப்போனால் முதலில் பேச்சு வாங்குவது மேஸ்திரி. அடுத்து கம்பி சப்ளை செய்தவர், அடுத்து மழை. எந்த வேலை எப்போது நடக்கும் என்று கணினியில் போட்டுவைத்த ஷெட்யூல் ஃபைலை யாரும் சந்தேகப்படுவதில்லை. நேர் எதிராகத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. சைட்டில் நிற்பவரிடம் கோபப்படுவதற்கு முன்னால் ஃபைலைத் திறந்து, அது உண்மையைச் சொல்லும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் வேர் அங்கேதான் இருக்கும்.

சிறிய, நடுத்தரக் கட்டட வேலைகளில் ஷெட்யூல் பார்க்கும் இளம் இன்ஜினியர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முழுக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: சென்னைப் புறநகரில் ஸ்டில்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் பார்க்கிங் தளம்) அதன்மேல் நான்கு மாடியும் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம். மாடிக்கு நான்கு வீடு, மொத்தம் 16. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டோ ப்ரைமவேராவோ, எந்த ஷெட்யூல் மென்பொருளில் போட்டிருந்தாலும் சோதனைகள் ஒன்றுதான்.

எதையும் தொடுவதற்கு முன் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் ஸ்டேட்டஸ் டேட், அதாவது எந்த நாள் வரை நடந்த வேலையை ஃபைலில் பதிந்திருக்கிறோம் என்ற தேதி, என்றைக்கு என்று பாருங்கள். ப்ரைமவேராவில் இதற்கு டேட்டா டேட் என்று பெயர். சார்ட்டில் அந்தத் தேதிக்கு இடப்பக்கம் நடந்து முடிந்த வேலை மட்டும் இருக்க வேண்டும். வலப்பக்கம் நடக்கப்போகிற வேலை மட்டும். போன மாதமே முடிந்திருக்க வேண்டிய, இன்னும் முடியாத வேலை இடப்பக்கத்திலேயே கிடந்தால் ஃபைல் பொய் சொல்கிறது. போன மாதத்துக்குப் போய் யாரும் பூசப்போவதில்லை. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் ‘அப்டேட் ப்ராஜெக்ட்’ என்ற இடத்தில், முடியாத வேலையை ஸ்டேட்டஸ் தேதிக்குப் பின்னால் தள்ளச் சொல்லும் வசதி இருக்கிறது. நாமாகச் சொல்லாவிட்டால் அது தள்ளாது. இதை முடித்துவிட்டு அறிகுறிகளுக்கு வாருங்கள்.

அறிகுறி: ரூஃப் கான்கிரீட் பத்து நாள் தள்ளிப்போனது, ஒப்படைக்கும் தேதி அசையவே இல்லை

பார்ப்பதற்கு நல்ல செய்தி மாதிரி இருக்கும். இந்தப் பட்டியலிலேயே மோசமான அறிகுறி இதுதான், ஏனென்றால் ஃபைலுக்குள் வேலைகள் ஒன்றோடொன்று கட்டப்படவில்லை என்று இது சொல்கிறது. பட்டைகளை வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சோதனை எளிது. நகல் ஃபைலில் இரண்டாவது மாடி ரூஃப் கான்கிரீட்டை எடுத்து, அதன் கால அளவில் 100 நாளைக் கூட்டுங்கள். ஒப்படைக்கும் தேதியும் கிட்டத்தட்ட அதே அளவு தள்ள வேண்டும். தள்ளவில்லையா? அந்த வேலையிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு இணைப்பாகப் பிடித்துக்கொண்டே போங்கள். எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அறுந்த இடத்தில் இந்த நான்கில் ஒன்று இருக்கும்.

இணைப்பே இல்லாத வேலை. முதல் வேலையையும் கடைசி வேலையையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருந்தாக வேண்டும். ப்ரைமவேராவில் எஃப்9 அழுத்தி ஷெட்யூல் ஓட்டினால் வரும் பதிவு அறிக்கையில் (லாக்), முன்னோ பின்னோ இணைப்பு இல்லாதவற்றைப் பட்டியலிட்டே தந்துவிடும்.

தொடக்கத்தை மட்டும் கட்டிய வேலை. ‘செங்கல் கட்டு தொடங்கி ஐந்து நாள் கழித்துப் பூச்சு தொடங்கலாம்’ என்று தொடக்கத்துக்கும் தொடக்கத்துக்கும் இணைப்புப் போட்டிருப்பார்கள். சரிதான். ஆனால் செங்கல் கட்டு எப்போது முடிகிறது என்பது எதையுமே பாதிக்காமல் அந்தரத்தில் நிற்கும். முடிவுக்கும் முடிவுக்கும் இன்னொரு இணைப்பு வேண்டும்.

கையால் அடித்த தேதி. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் தொடக்கத் தேதிக் கட்டத்தில் ஒரு தேதியை அடித்தாலே, ‘இதற்கு முன் தொடங்காதே’ என்ற கட்டுப்பாடு அந்த வேலைமேல் ஏறிவிடும். அடித்தவருக்கே அது தெரிந்திருக்காது. ஒப்படைக்கும் தேதியில் ‘மஸ்ட் ஃபினிஷ் ஆன்’ போட்டிருந்தால் இன்னும் மோசம், முன்னால் என்ன நடந்தாலும் அந்தத் தேதி ஆணியடித்த மாதிரி நிற்கும். அதை எடுத்துவிட்டு ‘டெட்லைன்’ என்ற தனிக் கட்டத்தில் தேதியைப் போடுங்கள். அது எந்த வேலையின் தேதியையும் பிடித்துவைக்காது, தாண்டினால் எச்சரிக்கை காட்டும்.

நான்காவது, மேனுவல் ஷெட்யூலிங். 2010 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் புது ஃபைல் திறந்தால் வேலைகள் கைமுறை நிலையில்தான் வரும். நாமே ஆட்டோவுக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் 300 வரி எழுதியிருந்தால் இணைப்புகள் இருந்தும் பயனில்லை.

இந்த ஒரு அறிகுறியைச் சரிசெய்யாமல் கீழே உள்ள எதையும் தொடாதீர்கள். 1950களின் கடைசியில் டுபாண்ட் நிறுவனத்தில் கிரிட்டிகல் பாத் முறை உருவானதே இந்த இணைப்புகளை வைத்து, எந்த வேலை தள்ளினால் முடிவு தள்ளும் என்று கணக்கிடத்தான். இணைப்பு இல்லாவிட்டால் கணக்கும் இல்லை.

அறிகுறி: எல்லா வேலையும் சிவப்பாகத் தெரிகிறது, ஃப்ளோட் மைனஸில் ஓடுகிறது

ஃப்ளோட் என்பது முடிவுத் தேதி தள்ளாமல் ஒரு வேலை எத்தனை நாள் தள்ளலாம் என்ற இடைவெளி. அது இல்லாத வேலைகள்தான் சிவப்பாகத் தெரியும். முன்னதைச் சரிசெய்யும்போதே இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். கட்டாயத் தேதி ஒன்று, வேலையால் எட்ட முடியாத இடத்தில் நின்றால் ஃப்ளோட் மைனஸ் ஆகும். −25 என்றால் 25 நாள் போதவில்லை என்று பொருள், அதில் மென்பொருளின் பிழை எதுவும் இல்லை. தேதியைத் தளர்த்திவிட்டு உண்மையான முடிவு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்தத் தேதியை உரிமையாளரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பூச்சு நடக்கும்போது சொன்னால் அவரால் ஏதாவது செய்ய முடியும். பெயின்ட் அடிக்கும்போது சொன்னால் முடியாது.

அறிகுறி: ஒவ்வொரு ரூஃபும் தாமதம், ஆனால் இனி வருவதெல்லாம் சரியாக நடக்கும் என்று ஃபைல் சொல்கிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆட்களை அநியாயமாகக் குறை சொல்வது இங்கேதான் அதிகம் நடக்கிறது.

நம் கட்டடத்தில் ஸ்டில்ட் ரூஃபோடு சேர்த்து ஐந்து ரூஃப். ஒரு ரூஃபிலிருந்து அடுத்த ரூஃபுக்கு 15 நாள் என்று போட்டிருக்கிறோம்: தூண் 5, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும் அமைப்பது) 5, கம்பி கட்டுவதும் மின் குழாய் பதிப்பதும் 4, கான்கிரீட் 1. நடந்தது 24 நாள். மூன்று ரூஃப் முடிந்திருக்கிறது, அதாவது இரண்டு சுற்று, 18 நாள் தாமதம். ஃபைலில் மீதி இரண்டு சுற்றும் இன்னும் 15 நாளாகவே இருக்கிறது. ஆகவே அறிக்கையில் ‘18 நாள் தாமதம்’ என்று வருகிறது. இதே வேகம் தொடர்ந்தால் உண்மை 36 நாள்.

முதல் திருத்தம் சிறியது. நடந்த வேகத்தை எடுத்து நடக்கப்போகிற வேலைக்குப் போடுங்கள். ‘இனி வேகமாகச் செய்வோம்’ என்று யாராவது சொன்னால், எதை மாற்றப்போகிறோம் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் 24 நாள்தான்.

இரண்டாவது, ஏன் 24 என்று தோண்டுவது. கம்பி கட்டுபவர்கள் 4 நாளில்தான் முடித்திருக்கிறார்கள், சென்ட்ரிங்காரர்களும் 5 நாளில்தான். அப்படியானால் 9 நாள் எங்கே போனது? ஐஎஸ் 456:2000 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதிப்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டில், 4.5 மீட்டருக்கு மேல் அகலம் தாவும் ஸ்லாபுக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும். 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள். 6 மீட்டர் வரை தாவும் பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. நம் கான்ட்ராக்டரிடம் ஒரே ஒரு செட் சென்ட்ரிங் சாமான் இருக்கிறது. அது கீழ் ரூஃபுக்கு அடியில் 14 நாள் நிற்கிறது. அதன்பின் கழற்றி மேலே ஏற்றி 5 நாள் சென்ட்ரிங், 4 நாள் கம்பி, 1 நாள் கான்கிரீட். கூட்டிப் பாருங்கள், 24. யாரும் மெதுவாக வேலை செய்யவில்லை.

சாமான் ஒரு செட்தான் என்ற செய்தி ஃபைலில் எங்கேயும் இல்லை. ‘கீழ் ரூஃப் முட்டு நீக்கம்’ என்று தனி வேலை ஒன்றைச் சேர்த்து, அதிலிருந்து ‘மேல் ரூஃப் சென்ட்ரிங்’குக்கு இணைப்புப் போட்டால் 24 நாள் தானாக வரும். இன்னொரு செட் வாடகைக்கு எடுத்தால் எத்தனை நாள் மிச்சம், அதற்கு வாடகை எவ்வளவு என்பதையும் அப்போதே பேசி முடிவெடுக்கலாம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இழந்த நாட்களை மீட்க முட்டுகளை முன்கூட்டியே எடுக்காதீர்கள். இரண்டு செட் வைத்து 15 நாள் சுற்று ஓட்டும்போதும், மேல் ரூஃபில் பச்சைக் கான்கிரீட் இறங்கும் நேரத்தில் அதன் பாரம் 15 நாளே ஆன கீழ் ரூஃபுக்குத்தான் வரும். கீழே எத்தனை முட்டு திரும்ப நிற்க வேண்டும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஷெட்யூலில் பறிகொடுத்த நாளைப் பிறகு சம்பாதிக்கலாம். ரூஃப் இறங்கினால் அடியில் இருப்பவர்கள் நம்மோடு வேலை செய்பவர்கள்.

அறிகுறி: ‘90% முடிந்தது’ என்று மூன்று வாரமாகச் சொல்கிறார்கள்

சொல்பவர் பொய் சொல்லவில்லை. சுவர்ப் பரப்பைக் கணக்கிட்டால் உள்பூச்சு 90% முடிந்திருக்கும். மீதி 10% எதில் இருக்கிறது? ஜன்னல் ஓரம், கதவு நிலையைச் சுற்றி, பிளம்பர் உடைத்த இடம், சுவிட்ச் பாக்ஸ் சுற்றி ஒட்டு, மாடிப்படி அடிப்பக்கம். பரப்பில் கொஞ்சம், நேரத்தில் நிறைய.

சதவீதம் கேட்பதை நிறுத்துங்கள். ‘இன்னும் எத்தனை நாள் ஆகும்?’ என்று கேளுங்கள். ஃபைலில் மீதமுள்ள கால அளவு என்ற கட்டம் இருக்கிறது, அதைத்தான் ஒவ்வொரு வாரமும் நிரப்ப வேண்டும். போன வாரம் ‘ஐந்து நாள்’, இந்த வாரமும் ‘ஐந்து நாள்’ என்றால் ஏதோ தடை இருக்கிறது. சதவீதத்தில் அது தெரியாது.

அடுத்து, வேலையை உடையுங்கள். ‘உள்பூச்சு – 60 நாள்’ என்ற ஒரே பட்டையை வீடு வீடாக 16 துண்டாக்குங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முடியவில்லை என்றால் 0, முடிந்துவிட்டது என்றால் 100. நடுவில் எதுவும் இல்லை. 9 வீடு முடிந்திருந்தால் 16ல் 9. அதைப் பற்றி யாரும் வாதாட முடியாது. ‘முடிந்தது’ என்றால் என்ன என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். அடுத்து டைல்ஸ் ஒட்டுபவர் உள்ளே வந்து, பூச்சுக்காரரைத் திரும்பக் கூப்பிடாமல் வேலையைத் தொடங்க முடிந்தால் முடிந்தது. வேறு விளக்கம் வேண்டாம்.

அறிகுறி: வாரத் திட்டத்தில் பாதிதான் நடக்கிறது

திங்கள் காலை நடக்கும் பேச்சு ஒன்றைப் பாருங்கள்.

“அண்ணே, மூணாவது மாடி உள்பூச்சு இன்னைக்கு ஆரம்பிச்சிடலாமா?”

“ஆரம்பிக்கலாம் சார். ஆனா ரெண்டு வீட்ல சுவத்துல பைப் பதிக்கலை. எலக்ட்ரீஷியன் வந்து முடிச்சுக் குடுத்தா நான் ரெடி.”

மேஸ்திரிக்கு இது வெள்ளிக்கிழமையே தெரியும். நாம்தான் கேட்கவில்லை. வாரத் திட்டத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து அச்சடித்துக் கையில் கொடுத்தால் இப்படித்தான் நடக்கும்.

1990களில் கிளென் பலார்டும் கிரெக் ஹோவெலும் அமெரிக்கக் கட்டுமானத் துறையில் உருவாக்கிய ‘லாஸ்ட் பிளானர்’ முறை இதற்காகவே வந்தது. வேலையைக் கடைசியாகப் பிரித்துக் கொடுப்பவர், அதாவது நம் மேஸ்திரி, ‘இதை இந்த வாரம் முடிக்கிறேன்’ என்று தன் வாயால் சொல்வதுதான் வாரத் திட்டம். அதற்கு முன், அடுத்த ஆறு வாரத்து வேலைகளைத் தனியே எடுத்து ஒவ்வொன்றுக்கும் தடை பாருங்கள்: வரைபடம் வந்துவிட்டதா, எம்-சாண்ட் இருக்கிறதா, முந்தைய வேலை முடிந்து இடம் காலியா, ஆள் உண்டா, சாரம் கட்டியாயிற்றா. தடை நீங்காத வேலை வாரத் திட்டத்துக்குள் நுழையக் கூடாது.

வார முடிவில் எண்ணுங்கள். பத்து வேலை சொல்லி ஆறு முடிந்தால் 60%. முக்கால்வாசி முடிந்தது கணக்கில் சேராது. முடியாத நான்குக்கும் எதிரே ஒரு வரியில் காரணம் எழுதுங்கள், பெயரை எழுதாதீர்கள். சில வாரம் தொடர்ந்து எழுதினால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். டைல்ஸ் டிசைன் முடிவாகவில்லை என்பதே ஐந்து முறை வந்திருந்தால், கூட்டம் போட வேண்டியது உரிமையாளரோடு. மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பயனில்லை.

அறிகுறி: மழை வந்தது, எல்லாம் நின்றுவிட்டது

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான் பெய்கிறது. அதை எதிர்பாராத தடை என்று அறிக்கையில் எழுதுவது நியாயமில்லை.

ஃபைலில் மூன்று காலண்டர் வைத்துக்கொள்ளுங்கள். வெளிவேலைக்கு ஒன்று, அதில் மழை மாதங்களில் வாரத்துக்கு மூன்று, நான்கு வேலை நாள்தான். உள்வேலைக்கு ஒன்று. மூன்றாவது, விடுமுறையே இல்லாத ஏழு நாள் காலண்டர். கான்கிரீட்டை நீராற்றுவதும் (ஈரமாகவே வைத்திருப்பதும்) முட்டு நிற்பதும் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுப்பதில்லை. ஆறு நாள் காலண்டரில் ‘முட்டு 14 நாள்’ என்று போட்டால் அது 16 நாளாகிவிடும். எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும்: ஃப்ளை ஆஷ் கலந்த பிபிசி சிமென்ட்டுக்கு நீராற்றும் காலம் குறைந்தது 10 நாள், 7 இல்லை.

பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளியைக் காலண்டரில் எல்லோரும் போடுகிறார்கள். சென்ட்ரிங்குக்கும் கம்பிக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் அதிகம் இருக்கும் சைட்டில் ஹோலி, சத் பூஜை, துர்கா பூஜையையும் போட வேண்டும். இரண்டு நாள் ரயிலில் ஊர் போய்த் திரும்புகிறவர்களிடம் மூன்று நாளில் வந்துவிடு என்று கேட்பதில் அர்த்தமில்லை. எப்போது போகிறார்கள், எத்தனை பேர், எப்போது திரும்புகிறார்கள் என்று முன்கூட்டிக் கேளுங்கள். நேராகச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் அஸ்திவாரம். தோண்டுவது செப்டம்பரில் விழுந்தால் முழுத் திட்டத்தையும் மறுபடி பாருங்கள். குழியில் தண்ணீர் இறைப்பதற்கு ஆகும் செலவில் முன்கூட்டியே தொடங்கிவிடலாம்.

அறிகுறி: ஆளைக் கூட்டினோம், தேதி முன்னால் வரவில்லை

ஆள் கூட்டிய வேலை கிரிட்டிகல் பாதில், அதாவது தள்ளினால் முடிவும் தள்ளும் வேலைகளின் சங்கிலியில், இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளோட் 30 நாள் உள்ள காம்பவுண்டு சுவரில் ஆள் கூட்டினால் காம்பவுண்டு சுவர் சீக்கிரம் முடியும், வீடு முடியாது. கிரிட்டிகல் பாதில் இருந்தும் பலனில்லை என்றால் இடநெருக்கடியாக இருக்கும். ஒரு குளியலறையில் இரண்டு டைல்ஸ் ஒட்டுபவர்கள் நிற்க முடியாது. ஆளைச் சேர்ப்பதற்குப் பதில் இன்னொரு மாடியைத் திறந்துவிடுங்கள்.

அறிகுறி: எஸ்பிஐ 1க்கு மேல், ஆனால் வேலை தாமதம்

எஸ்பிஐ (ஷெட்யூல் பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ்) என்பது நடந்த வேலையின் மதிப்பைத் திட்டமிட்ட மதிப்பால் வகுப்பது. இந்த மாதம் வரை 2 கோடி ரூபாய் வேலை திட்டம், 2.1 கோடிக்கு நடந்திருக்கிறது, ஆக 1.05. கீழ் மாடிகளில் டைல்ஸை முன்னாலேயே ஒட்டிக் கணக்கை ஏற்றியிருப்பார்கள். நான்காவது மாடி ரூஃப் நிற்கும். பணத்தில் அளந்தால் டைல்ஸும் ரூஃபும் ஒன்றுதான். ஆகவே எஸ்பிஐ பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் கிரிட்டிகல் பாதின் ஃப்ளோட்டையும் பாருங்கள். கிரிட்டிகல் பாதில் உள்ள வேலைகளுக்கு மட்டும் எஸ்பிஐ போட்டுப் பார்ப்பதும் பயன் தரும்.

இன்னொரு குறையும் உண்டு. ஆறு மாதம் தாமதமாக முடிந்த வேலைக்கும் கடைசி நாளில் எஸ்பிஐ 1தான், ஏனென்றால் முழு வேலையும் நடந்துவிட்டது. பின்பாதியில் இந்த எண்ணை நம்ப வேண்டாம். 2003ல் வால்ட் லிப்கே என்பவர் இதற்கு மாற்றாக, மதிப்பைக் காலமாக மாற்றிப் பார்க்கும் முறையைக் கொடுத்தார். திட்டப்படி எட்டாவது மாத முடிவில் இருக்க வேண்டிய அளவு வேலைதான் பத்தாவது மாத முடிவில் நடந்திருக்கிறது என்றால், 8ஐ 10ஆல் வகுக்க 0.8. இது கடைசி நாள் வரை நேர்மையாக இருக்கும்.

அறிகுறி: கட்டடம் தயார், குடிவர முடியவில்லை

பெயின்ட் அடித்தாயிற்று. லிஃப்ட் வரவில்லை, அல்லது வந்துவிட்டது ஆனால் உரிமம் வரவில்லை. பணி நிறைவுச் சான்று இல்லாமல் ஈபி கனெக்‌ஷன் நகரவில்லை. ஃபைலைத் திறந்தால் இதெல்லாம் கடைசியில் ‘இதர வேலைகள் – 15 நாள்’ என்ற ஒரே வரியில் இருக்கும்.

பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையம் 2012 ஜூன் 3 அன்று திறப்பதாக இருந்தது. ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், மே 8 அன்று தள்ளிவைத்தார்கள். தீத்தடுப்பும் புகை வெளியேற்றும் அமைப்பும் அனுமதி பெறும் நிலையில் இல்லை. கட்டடம் கண்ணுக்கு முன்னால் நின்றது. திறந்தது 2020 அக்டோபர் 31ல். நம் 16 வீட்டுக்கும் இது பொருந்தும்: கடைசியில் சான்று தருகிறவருக்குக் காட்ட வேண்டியதை முதல் மாதத்திலேயே ஷெட்யூலுக்குள் கொண்டுவர வேண்டும்.

சரிசெய்வது இப்படி. ஒப்படைப்பு நாளிலிருந்து பின்னோக்கி நடங்கள். குடிவர என்ன வேண்டும்? மின்சாரம். அதற்கு? சான்று. அதற்கு? அனுமதி வரைபடத்தின்படி கட்டியிருக்கிறோம் என்று ஆய்வில் தெரிய வேண்டும். அதற்கு? காம்பவுண்டு ஓரம் விட வேண்டிய இடம், மழைநீர் சேகரிப்பு, ஸ்டில்ட் பார்க்கிங் எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே முடிந்திருக்க வேண்டும். லிஃப்டுக்கும் இப்படியே: உரிமம், அதற்கு முன் ஆய்வு, அதற்கு முன் பொருத்துதல், அதற்கு முன் தயாரிப்பு, அதற்கு முன் ஆர்டர், அதற்கு முன் லிஃப்ட் குழியின் அளவு முடிவாவது. ஒவ்வொன்றும் தனி வரி, தனி இணைப்பு, பக்கத்தில் பொறுப்பாளர் பெயர். தயாரிப்புக் காலம் எத்தனை வாரம் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். விற்பனையாளர் போனில் சொன்னதைப் போடாதீர்கள்.

கடைசியில் பல பாதைகள் ஒன்றுசேரும் இடத்துக்கு இடைவெளியும் விட வேண்டும். லிஃப்ட், ஈபி, சான்று மூன்றும் தேதிக்குள் வர ஒவ்வொன்றுக்கும் 80% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று சாராமல் ஓடினால் மூன்றும் சேர்ந்து தேதிக்குள் வர வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8, அதாவது 51%தான். அந்த இடைவெளியை ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒளித்து வைக்காமல், சேரும் இடத்துக்கு முன்னால் தனி வரியாக, எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். அதில் எத்தனை நாள் கரைந்தது என்று வாரா வாரம் எழுதி வாருங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு மாதமும் அறிக்கையில் தாமதம் பூஜ்யம்

பேஸ்லைனை, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேமித்துவைத்த திட்டத் தேதிகளை, மாதா மாதம் மாற்றுகிறார்கள். முதல் பேஸ்லைனை எடுத்து வெளியே வையுங்கள். வேலையின் அளவு மாறி, உரிமையாளர் கையெழுத்துப் போட்டால் மட்டுமே புதிய பேஸ்லைன். அப்போதும் பழையது அழியக் கூடாது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் 11 பேஸ்லைன் வரை சேமிக்கலாம், ஆகவே இடமில்லை என்று சொல்ல வழியில்லை. அடுத்த அறிக்கையில் மூன்று தேதிகளை ஒரே வரியில் போடுங்கள்: முதலில் சொன்னது, போன மாதம் சொன்னது, இன்று சொல்வது.